கீழ்ப்படியில் உள்ள அமைப்புகளுக்கும் காவல் வேண்டும்: அணுமின் நிலையத் தரநிலைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 45ஏ துணைக்குழு உறுப்பினர்களுக்கும், அக்குழுவின் ஆவணங்களைத் தத்தம் நாடுகளில் நடைமுறைப்படுத்தும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

அணுமின் நிலையங்களின் கருவியியல், கட்டுப்பாடு, மின்வழங்கல் ஆகியவற்றுக்கான தரநிலைகளை வகுக்கும் பொறுப்பு தங்களிடம் இருக்கிறது. அணுப் பாதுகாப்புக்கு முக்கியமான அமைப்புகளின் பொதுத் தேவைகளைச் சொல்லும் ஐ.இ.சி. 61513, செயல்பாடுகளை முக்கியத்துவ வரிசையில் ஏ, பி, சி என்று வகைப்படுத்தும் 61226, ஏ வகைச் செயல்பாடுகளுக்கான மென்பொருளைப் பற்றிய 60880, சைபர் பாதுகாப்புக்கான 62645, அணுப் பாதுகாப்பும் சைபர் பாதுகாப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் 62859, கட்டுப்பாட்டு நடவடிக்கைகளை விரித்துரைக்கும் 63096 ஆகிய அனைத்தும் தங்கள் உழைப்பில் உருவானவை. கருவியியல் பராமரிப்பில் இருக்கும் பொறியாளன் நான். இந்த ஆவணங்களைத் தழுவி எழுதப்பட்ட நடைமுறைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிகளைத் திறந்து சோதனை செய்து மூடுவது என் அன்றாட வேலை. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் ஒரு குறையைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓர் அமைப்புக்கு எவ்வளவு சைபர் பாதுகாப்பு தேவை என்பதை இன்று நாம் பெரும்பாலும் அந்த அமைப்பு செய்யும் வேலையின் முக்கியத்துவத்தையும், அது கெட்டால் வரக்கூடிய விளைவையும் வைத்தே முடிவு செய்கிறோம். உலையை நிறுத்தும் அமைப்புக்கு மிக உயர்ந்த காவல். தகவலைக் காட்டும் கணினிக்குக் குறைந்த காவல். அலுவலகக் கணினிக்குச் சாதாரணக் காவல். இந்த ஏற்பாடு கொள்கையளவில் சரியானது. ஆனால் இதுவரை அணுமின் நிலையங்களில் வெளிப்படையாகப் பதிவான டிஜிட்டல் சம்பவங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை உயர்ந்த காவல் கொண்ட மேல்படியில் தொடங்கவில்லை. காவல் குறைந்த இடத்தில் நுழைந்து, இணைப்பு போன வழியில் நகர்ந்தவை அவை. ஆகவே ஓர் அமைப்பு என்ன வேலை செய்கிறது என்பதோடு, அது எதனுடன் இணைகிறது, எதைத் தொடுகிறது, யார் கையால் திறக்கப்படுகிறது என்பதையும் சம எடையுடன் கணக்கில் கொண்டு காவலின் படியைத் தீர்மானிக்கும்படி தரநிலைகளைத் திருத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஸ்லாமர் என்ற புழு நிரல், ஓர் ஒப்பந்ததாரரின் நெட்வொர்க் வழியாக, நிலையத்தின் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போன ஒரு தகவல் தொடர்புத் தடத்தில் நுழைந்தது. அலுவலக நெட்வொர்க்கிலிருந்து அது நிலைய நெட்வொர்க்குக்குப் பரவியது. உலையின் முக்கிய அளவுகளை ஒரே திரையில் தொகுத்துக் காட்டும் பாதுகாப்பு அளவுருக் காட்சி அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முடங்கியது. நிலையச் செயல்முறைக் கணினி ஆறு மணி நேரத்துக்கும் மேலாகச் செயல்படவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. உலை அப்போது வேறொரு காரணத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாலும், பழைய அனலாக் காட்டிகள் இயங்கிக்கொண்டிருந்ததாலும் பெரிய சிக்கல் எதுவும் நேரவில்லை. உலை முழுத் திறனில் இயங்கிக்கொண்டிருந்து, அதே நேரத்தில் வேறு ஏதேனும் கோளாறும் சேர்ந்து வந்திருந்தால், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தங்களுக்கு மிகவும் பழக்கமான திரை இல்லாமல் அதைச் சமாளிக்க வேண்டியிருந்திருக்கும். அந்தத் திரை உலையை நிறுத்தும் அமைப்பின் பகுதியல்ல. ஆனால் நெருக்கடியில் மனிதர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தின் மூன்றாம் அலகில் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிய தகவல் நெரிசல் ஏற்பட்டு, மறுசுழற்சி நீர் பம்புகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பதிலளிப்பதை நிறுத்திவிட்டன. உலையை இயக்கும் பணியாளர்கள் அதைக் கைமுறையாக நிறுத்த வேண்டியதாயிற்று. 2008 மார்ச்சில் அதே நாட்டின் ஹேட்ச் நிலையத்தின் இரண்டாம் அலகில், அலுவலக நெட்வொர்க்கில் இருந்த ஒரே ஒரு கணினியில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அந்தக் கணினி மறுபடி இயங்கத் தொடங்கியபோது, அதனுடன் ஒத்திசைந்திருந்த கட்டுப்பாட்டு அமைப்பின் தரவும் அழிந்து புதிதாகத் தொடங்கியது. தரவு இல்லாததை நீர்மட்டம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அமைப்பு உலையைத் தானாக நிறுத்தியது. நிலையம் 48 மணி நேரம் இயங்கவில்லை. உலை பாதுகாப்பான பக்கம் சாய்ந்தது என்பதில் நாம் நிம்மதி கொள்ளலாம். ஆனால் அலுவலக மேசையில் இருந்த ஒரு கணினிக்கு உலையை நிறுத்தும் வல்லமை இருந்தது என்பதை அந்த நிலையத்தின் வகைப்படுத்தல் அட்டவணை யாருக்கும் சொல்லியிருக்காது.

2016இல் ஜெர்மனியின் குண்ட்ரெம்மிங்கென் நிலையத்தில், எரிபொருள் கோல்களை நகர்த்தும் கருவியோடு தொடர்புடைய தரவுக்காட்சிக் கணினியில் பழைய தீநிரல்கள் கண்டுபிடிக்கப்பட்டன; பென்டிரைவ் போன்ற, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சேமிப்புக் கருவிகள் பலவற்றிலும் அவை இருந்தன. 2019இல் கூடங்குளம் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில், இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அதை இயக்கும் நிறுவனமே அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. முக்கியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த நெட்வொர்க்கிலிருந்து தனித்திருப்பதாகவும் அறிவித்தது. இந்தச் சம்பவங்கள் எதிலும் கதிரியக்க விபத்து நேரவில்லை. மேல்படி அமைப்புகளைத் தனித்து நிறுத்திய வடிவமைப்புக்கும், அதை வலியுறுத்திய தங்களைப் போன்றோரின் தரநிலைகளுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. அந்தத் தனிமை எதிர்காலத்திலும் இதே அளவு நிலைக்குமா என்பதில்தான் எனக்குக் கவலை.

கவலைக்குக் காரணம், பழைய அனலாக் கருவிகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன என்பது. உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, தயாரித்த நிறுவனமே அந்த வரிசையை நிறுத்திவிட்டது, மாற்றாக வருவது டிஜிட்டல் கருவி. அழுத்தத்தை அளந்து மின்சைகையாக அனுப்பும் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். பழையதில் ஓர் உதரவிதானம், ஒரு மின்சுற்று, சரிசெய்ய இரண்டு திருகுகள் இருந்தன. அதைத் தவறாகச் சரிசெய்ய வேண்டுமென்றாலும் அதன் மூடியைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரோடு எதிரே நிற்க வேண்டும். புதியதில் ஒரு நுண்செயலியும் அதற்கான நிரலும் இருக்கின்றன. 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான அதே பழைய மின்னோட்டத்தின் மேலேயே, கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான ஹார்ட் நெறிமுறையின்படி 1200, 2200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் டிஜிட்டல் செய்தி ஏறிச் செல்கிறது. அந்த மின்னோட்டம் ஓடும் சுற்றின் எந்த இடத்தில் கைக்கருவியை, அதாவது டிரான்ஸ்மிட்டரின் அமைப்புகளை மாற்றும் கையடக்கக் கருவியை, மாட்டினாலும் டிரான்ஸ்மிட்டரோடு பேசலாம். அளவு வரம்பை மாற்றலாம், அலகை மாற்றலாம், டேம்பிங் மதிப்பை மாற்றலாம்.

இந்த டேம்பிங் மதிப்பை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுத்தத்தில் ஏற்படும் சிறு அதிர்வுகளை மென்மையாக்குவதற்கான கால மாறிலி அது. அரை நொடியாக இருக்க வேண்டிய அதை யாரோ பத்து நொடியாக மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையில் காட்டி அசையாமல் சரியான அழுத்தத்தைக் காட்டும். அதே அழுத்தத்தைத் தனித்தனியே அளக்கும் மற்ற மூன்று சேனல்களோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. வழக்கமான அளவுத்திருத்தத்தில் 0, 25, 50, 75, 100 விழுக்காட்டுப் புள்ளிகளில் அழுத்தம் கொடுத்து, காட்டி நிலைத்த பிறகு படிப்போம். ஐந்து புள்ளிகளிலும் சரியாகவே இருக்கும். தொழில்நுட்பர் படிவத்தில் கையொப்பமிட்டுவிடுவார். உண்மையிலேயே ஒரு குழாய் உடைந்து அழுத்தம் சீராகச் சரியும் நாளில்தான், டிரான்ஸ்மிட்டர் சொல்லும் அழுத்தம் பத்து நொடிக்கு முந்தைய அழுத்தம் என்பது வெளிப்படும். பதிலளிக்கும் நேரத்தைத் தனியாக அளக்கும் சோதனை செய்தால் மட்டுமே இது முன்கூட்டியே தெரியவரும். நான்கு சேனல்களிலும் ஒரே வகை டிரான்ஸ்மிட்டர் இருந்து, நான்கையும் ஒரே கைக்கருவி தொட்டிருந்தால், நான்கில் இரண்டு சொன்னால் உலையை நிறுத்து என்ற வாக்கெடுப்பு ஏற்பாட்டுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

டிரான்ஸ்மிட்டர் உயர்ந்த வகுப்பில் இருக்கிறது. அதன் தகுதிச் சோதனை, நிலநடுக்கச் சோதனை, வெப்பச் சோதனை அனைத்தும் முறையாக நடந்திருக்கின்றன. கைக்கருவியோ சாதாரணச் சோதனைக் கருவிகளின் பட்டியலில், மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் நிரல் எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தக் கணினியோடு இணைத்துப் புதுப்பிக்கப்பட்டது, பாதுகாப்பு அமைப்பின் தனித்தனி நான்கு பிரிவுகளில் நேற்று அது எதில் இருந்தது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் பல இடங்களில் யாருக்கும் இல்லை. குறைந்த செயல்பாடு கொண்ட தொழிற்துறை டிஜிட்டல் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே 2013இல் 62671 என்ற தரநிலையைத் தாங்கள் வெளியிட்டீர்கள். அது பெரும் உதவி. கருவியைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நேரத்தில் காட்டும் அந்த நுணுக்கம், அதை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து தொடப்போகும் கைக்கருவியிடமும் காட்டப்பட வேண்டும்.

இதே நிலைதான் பராமரிப்பு மடிக்கணினிக்கும். பாதுகாப்பு அமைப்பின் அலமாரியைத் திறந்தால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை எரியும். சாவியைத் திருப்பினால்தான் செட்பாயிண்டை, அதாவது அமைப்பு செயல்படத் தொடங்கும் வரம்பை, மாற்ற முடியும். ஒரு நேரத்தில் ஒரு பிரிவை மட்டுமே திறக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இத்தனை கவனத்தோடு திறந்த அலமாரியில் நாம் மாட்டுவது, கணினி உலகில் மிகப் பொதுவான இயங்குதளத்தில் ஓடும் ஒரு மடிக்கணினி. 2017இல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளையே குறிவைத்த டிரைட்டன் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டபோது, கட்டுப்படுத்தியின் சாவி நிரலேற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்ததும், தாக்கியவர்கள் பொறியியல் பணிநிலையக் கணினி வழியாக வந்ததும் தெரியவந்தன. அது அணுமின் நிலையம் அன்று. ஆனால் சாவியும், கட்டுப்படுத்தியும், பொறியியல் கணினியும் எந்தத் தொழிலிலும் ஒன்றுதான். சாவியைத் திருப்பி எடுத்து வைப்பது ஒரு மனிதரின் பழக்கத்தைப் பொறுத்தது. வேலை முடியும் நேரத்தில் அடுத்த அலகிலிருந்து அழைப்பு வந்தால் மறக்கவும் கூடியது.

ஆகவே உயர் வகுப்பு அமைப்பு ஒன்றைத் தொடும் எந்தக் கருவியும், தொடும் நேரம் ஐந்து நிமிடமே ஆனாலும், தான் தொடும் அமைப்புகளுக்குள் மிக உயர்ந்ததன் படியையே தனக்கும் உரியதாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கருத்து தங்கள் ஆவணங்களுக்கு அந்நியமானதல்ல; 63096 இயக்கம், பராமரிப்புக் கட்டத்தைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. நான் கேட்பது, இது தரநிலையின் முகப்பிலேயே, விதிவிலக்குக்கு இடமில்லாத ஒற்றைக் கட்டாயமாக, பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் படித்தவுடன் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும் என்பதை. நான்கு பிரிவுகளுக்கும் ஒரே மடிக்கணினி, ஒரே பென்டிரைவ், ஒரே கைக்கருவி என்ற வழக்கமும் அதோடு முடிவுக்கு வர வேண்டும். நான்கு பிரிவுகளையும் தனித்தனி அறைகளில், தனித்தனி மின்கம்பித் தடங்களில் வைக்க 60709இன்படி எவ்வளவு செலவழிக்கிறோம்! சுவர் வைத்துப் பிரித்ததை ஒரு பென்டிரைவால் மீண்டும் ஒன்றாக்கிவிடுவது பெரும் துயரம்.

இதன் ஆழமான காரணத்தையும் சொல்ல வேண்டும். அணுப் பாதுகாப்பின் கணக்கு தற்செயலான செயலிழப்பின்மேல் எழுந்தது. ஒரு ரிலே பழுதாவதற்கு நிகழ்தகவு உண்டு. இரண்டு ரிலேக்கள் ஒரே நேரத்தில் பழுதாவதற்கு அதைவிடக் குறைந்த நிகழ்தகவு உண்டு. பொதுக் காரணத்தால் பல பிரிவுகள் ஒருசேரச் செயலிழப்பதைப் பற்றி 62340 பேசுவதும், அதற்கு எதிராக வேறுபட்ட தொழில்நுட்பத்தில் மாற்று அமைப்பை வைப்பதும் அந்தச் சிந்தனையின் உச்சம். ஆனால் வேண்டுமென்றே தாக்குபவருக்கு நிகழ்தகவு கிடையாது. பொதுக் காரணத்தை அவர் தேடிப் பிடித்து உருவாக்குவார். மாற்று அமைப்பையும் அதே பயணத்தில் தொட்டுவிட்டுப் போவார், இரண்டையும் ஒரே மடிக்கணினியால் பராமரிக்கிறோம் என்றால். சைபர் பாதுகாப்பு ஏற்பாடுகள் பன்முகத்தன்மையையும், அடுக்கடுக்காகக் காவல் வைக்கும் ஆழத் தற்காப்பையும் சிதைத்துவிடக் கூடாது என்று 62859 சரியாகவே சொல்கிறது. அதன் மறுபக்கமும் அதே வலுவோடு எழுதப்பட வேண்டும்: பன்முகத்தன்மை கொண்ட இரண்டு அமைப்புகளின் பராமரிப்பு வழியும் பன்முகமாக இருக்க வேண்டும்.

மென்பொருள் திருத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உயர் வகை மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் அதைச் சார்பற்ற குழு மீண்டும் சரிபார்க்க வேண்டும். எரிபொருள் மாற்றத்துக்காக உலை நிற்கும் காலம்வரை, அதாவது 12 முதல் 24 மாதங்கள்வரை, பெரும்பாலான மாற்றங்கள் காத்திருக்க வேண்டும். இது தேவையான கண்டிப்பு. இதைத் தளர்த்தும்படி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் ஓட்டை தெரிந்த நாளுக்கும் அடைபடும் நாளுக்கும் இடையிலான அந்த ஒன்றரை ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதில் நிலையத்துக்கு நிலையம் வழக்கம் மாறுகிறது. சில இடங்களில் அந்த அமைப்போடு எதையும் இணைக்கத் தற்காலிகத் தடை விதிக்கிறார்கள், நிரல் மாறவில்லை என்று காட்டும் சரிக்கூட்டுத்தொகையை வாரம்தோறும் ஒப்பிடுகிறார்கள். சில இடங்களில் பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அடுத்த நிறுத்தக் காலத்துக்கான பட்டியலில் சேர்த்துவிட்டு, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கீழ்ப்படி அமைப்புகளுக்கு இந்தப் பட்டியலும் இருப்பதில்லை. இடைக்கால நடவடிக்கை எது, அதை யார் சரிபார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்பவற்றைத் தரநிலையே வரையறுக்க வேண்டும்.

படிகளுக்கு எண்ணிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். 62645இன்படி எஸ்1 மிக உயர்ந்த காவல். சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டியில் காட்டப்படும் மாதிரியில் முதல் நிலையே மிகக் கண்டிப்பானது, ஐந்தாம் நிலை மிகத் தளர்வானது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 5.71 வழிகாட்டியிலோ நான்காம் நிலை மிக உயர்ந்தது, பூஜ்யம் மிகக் கீழானது. பல நாடுகளுக்கு விற்கும் ஒரு கருவியின் கையேட்டில் மூன்றாம் நிலை என்று எழுதியிருந்தால், அது பூட்டிய அறையைக் குறிக்கிறதா, திறந்த வராந்தாவைக் குறிக்கிறதா என்று பராமரிப்புப் பணியாளர் யோசிக்க வேண்டியிருக்கிறது. தாங்களும் முகமையும் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு அட்டவணையையாவது தரநிலையோடு இணைத்து வெளியிட்டால் இந்தக் குழப்பம் ஒரே நாளில் தீரும்.

இணைப்புகளை எடைபோடுவது நடக்கக்கூடியதா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. 2009 நவம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈ.பி.ஆர். என்ற புதிய வகை அணு உலையின் முதல் வடிவமைப்பில், அன்றாட இயக்கத்துக்கான கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் இடையே மிகச் சிக்கலான இணைப்புகள் இருந்ததால், ஒன்று கெட்டால் மற்றொன்று பாதிக்கப்படக் கூடாது என்ற சார்பின்மைக் கொள்கை நிறைவேறவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். வடிவமைப்பு திருத்தப்பட்டது. அதனால் வேலையும் கூடியது, காலமும் கூடியது. என் பார்வையில் அது தரநிலை உலகின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று. ஓர் அமைப்பு தன்னளவில் எவ்வளவு நல்லது என்று கேட்பதோடு நிற்காமல், அதன் அண்டை யார் என்றும் மூன்று நாடுகள் ஒரே குரலில் கேட்டன. அந்தக் கேள்வியை வடிவமைப்புக் கட்டத்தோடு முடித்துவிடாமல் நிலையத்தின் முழு ஆயுளுக்கும் நீட்டித்துத் தரும்படிதான் கேட்கிறேன். கட்டி முடித்தபோது இருந்த இணைப்பு வரைபடமும் பத்து ஆண்டு கழித்து இருக்கும் இணைப்பு வரைபடமும் ஒன்றாக இருப்பதில்லை. அதிர்வுப் பகுப்பாய்வுக்கென்று ஒரு கணினி வருகிறது. வேதியியல் தரவை அலுவலகத்தில் பார்க்க வேண்டும் என்று ஒரு கம்பி போகிறது. தொலைவிலிருந்து உதவி செய்ய வசதியாக உற்பத்தியாளர் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போகிறார். ஒவ்வொன்றும் தனித்தனியே கீழ்ப்படி, தனித்தனியே அனுமதிக்கப்பட்டது. சேர்த்துப் பார்த்தவர் யார்? ஒவ்வொரு எரிபொருள் மாற்றக் காலத்திலும் இணைப்பு வரைபடத்தைக் களத்தில் நடந்து சரிபார்த்து, ஏட்டில் இல்லாத கம்பி எதுவும் இல்லை என்று பொறுப்பான ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்று தரநிலையில் ஒரு விதி சேருங்கள். உயர்படியிலிருந்து கீழ்ப்படிக்குத் தகவல் போகும் இடங்களில், மென்பொருள் விதியை நம்பாமல், ஒளி ஒரு பக்கம் மட்டுமே போகக்கூடிய டேட்டா டையோடு போன்ற இயற்பியல் தடையைக் கட்டாயமாக்குங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில், அழுத்தத் தணிப்பு வால்வை மூடும் கட்டளை போய்விட்டது என்பதையே விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவில்லை. திறந்தே நின்ற வால்வு வழியாகக் குளிர்விப்பு நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டல் ஆலையில் மையவிலக்குக் கருவிகளைக் கெடுத்துக்கொண்டே, முன்பு பதிவுசெய்து வைத்த இயல்பான அளவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது. முன்னது வடிவமைப்பின் குறை, பின்னது திட்டமிட்ட வஞ்சகம். திரையை நம்பியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் மின்சாரம் முழுதும் போனபோது ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்து கருவிகளுக்கு இணைத்து நீர்மட்டத்தைப் படிக்க முயன்றார்கள். ஓர் அளவு எவ்வளவு அருமையானது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ஆகவே உலையின் அழுத்தம், நீர்மட்டம், வெப்பநிலை, நியூட்ரான் பாயம் (நியூட்ரான் ஓட்டத்தின் அடர்த்தி) ஆகிய சிலவற்றையாவது எந்தக் கணினியும் இடையே வராத நேரடிக் கம்பி இணைப்பில் காட்டும் காட்டிகள் எல்லா நிலையங்களிலும், முழு டிஜிட்டல் கட்டுப்பாட்டு அறை கொண்ட புதிய நிலையங்களிலும் இருக்க வேண்டும். திரை பொய் சொல்கிறது என்ற சந்தேகம் வந்தால் எந்த வரிசையில் எதைப் பார்த்து உறுதிசெய்வது என்ற நடைமுறையும், அதற்கான சிமுலேட்டர் பயிற்சியும் தரநிலையின் தேவைகளாக வேண்டும். இன்றைய சிமுலேட்டர் பயிற்சிகள் பெரும்பாலும் கருவி பழுதாவதைக் கற்றுத்தருகின்றன. எல்லாக் கருவிகளும் ஒற்றுமையாக ஒரே பொய்யைச் சொல்வதைக் கற்றுத்தருவதில்லை.

இறுதியாக, தங்கள் ஆவணங்கள் யார் கைக்குப் போகின்றன என்பதைப் பற்றி. சர்வதேச அணுசக்தி முகமை கணினிப் பாதுகாப்புக்காக வெளியிட்ட 33-டி, 17-டி போன்ற வழிகாட்டிகளை எவரும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கலாம். சைபர் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் 73.54 விதியும் அப்படியே. தங்கள் தரநிலைகள் விலைக்கு விற்கப்படுகின்றன. நிலையத்தின் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். அதிலிருந்து நடைமுறைக் குறிப்பு எழுதுபவர் ஒருவர். அதைக் களத்தில் பின்பற்றுபவர் இன்னொருவர். மூலத்தில் ஏன் அப்படிச் சொல்லப்பட்டது என்பது களத்தில் இருப்பவரை எட்டுவதே இல்லை. காரணம் தெரியாத விதி முதல் நெருக்கடியிலேயே வளைந்துகொடுக்கும். பென்டிரைவை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்று தெரிந்த தொழில்நுட்பர், மேலாளர் அவசரப்படுத்தினாலும் மறுப்பார், தெரியாதவர் மாட்டிவிடுவார். ஆணையத்தின் வருமானம் விற்பனையைச் சார்ந்திருப்பதை நான் அறிவேன். ஆயினும் 62645, 62859, 63096 ஆகிய மூன்றையாவது, அச்செடுக்க முடியாதபடி திரையில் படிக்கும் வடிவத்திலாவது, உலகெங்கும் உள்ள நிலையப் பணியாளர்களுக்குத் திறந்துவிட ஆணையத்தின் தலைமையிடம் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தாக்குபவர்கள் எப்படியும் அவற்றைப் படித்திருப்பார்கள்.

62645இன் முதல் பதிப்பு 2014இலும் இரண்டாம் பதிப்பு 2019இலும் வந்தன. அடுத்த திருத்தத்துக்கான வரைவு தேசியக் குழுக்களுக்கு வரும்போது, கருத்துச் சொல்ல அழைக்கப்படுவோர் பட்டியலில் வடிவமைப்பாளர்கள், உற்பத்தியாளர்கள், ஒழுங்குமுறையாளர்கள் ஆகியோரோடு, பராமரிப்புப் பிரிவில் இன்று பணியில் இருக்கும் தொழில்நுட்பர்களையும் சேர்க்கும்படி ஒவ்வொரு தேசியக் குழுவுக்கும் எழுத்து மூலம் அறிவுறுத்துமாறு வேண்டுகிறேன். கைக்கருவியைப் பற்றிய பிரிவு வரும்போது, அதைத் தினமும் கையில் எடுப்பவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

மிகுந்த மதிப்புடன்,
கருவியியல் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்